ஆற்றுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதம்

ஆற்றின் பேரில் முதல் எச்சரிக்கைக் கடிதம் மார்ச் மாதம் நான்காம் தேதி வந்தது. ஆற்றுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதால் ஹேமநாதன் அதை வாங்கிக்கொண்டார்.

ஹேமநாதன் மலேசியாவில் புக்கிட் செம்பாக்கா செம்பனைத் தோட்டத்தின் பம்பு ஆபரேட்டர். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. ஆற்றங்கரை மேட்டில் தகரக் கூரை போட்ட பம்பு வீடு. அதற்குள் இருக்கும் பெரிய பம்பு ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பாமாயில் ஆலைக்கும் தொழிலாளர்களின் நாற்பத்தாறு லயத்து வீடுகளின் தொட்டிக்கும் அனுப்பும். அந்த நாற்பத்தாறில் ஒன்று ஹேமநாதனுடையது. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை போனால் ஒரு மாதத்தில் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. மனைவி நீலாவதி செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தாள்.

விவகாரம் ஆரம்பித்தது ஜனவரியில். மழை நின்று ஆறு முந்தைய வருஷங்களைவிடக் கீழே இறங்கத் தொடங்கியதும் பம்புக்குள் ஒரு சத்தம் கேட்டது. ஒரு சாக்கு ஜல்லியை உள்ளே கொட்டி அரைப்பது போன்ற சத்தம். ஹேமநாதனுக்கு அதன் காரணம் தெரியும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மேட்டிலிருக்கும் பம்பு இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். அப்படி இழுக்கும்போது பம்பின் வாயில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் சூடே இல்லாமல் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள் உள்ளே சுழலும் சக்கரத்தில் போய் நசுங்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சுத்தியல் அடி. பம்பை நாலடி கீழே இறக்கி வைத்தால் தீர்ந்துவிடும். நாலடி இறக்கினாலும் வெள்ளம் எட்டாத உயரம்தான்.

அவர் அதைப் போய் அமீனிடம் சொன்னார். அமீன் தோட்ட ஆபீசில் புகார்களுக்குப் பொறுப்பான அதிகாரி. தெமியாங்கில் அவருடைய அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடையில் ஆட்கள் சத்தம் போடுகிறார்கள், படிவங்கள் சத்தம் போடுவதில்லை என்ற காரணத்தால் அவர் ஆபீஸ் வேலைக்கு வந்தவர்.

“ஜல்லி சத்தம் லிஸ்ட்ல இல்லண்ணே,” என்றார் அமீன், திரையைப் பார்த்தபடி. “கீச்சு, விசிலு, முனகல், சத்தம் இல்லை. நாலுதான் இருக்கு.”

“நாலும் இல்ல அமீன். அரைக்குது.”

“அரைக்குதுன்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்காது லா. முனகல்னு போட்டுருவோம். வர்றவங்க அவங்களே கேட்டுப்பாங்க.”

முனகல் செனாவாங்குக்குப் போனது. அங்கே கம்பெனியின் ஓட்ட மாதிரி மையம் இருந்தது. கம்பெனிக்குச் சொந்தமான பதினொரு தோட்டங்களின் பம்புகளையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அவற்றுக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது மையத்தின் பணி. ‘பம்புக்குத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும்’ என்று வாசல் கண்ணாடியில் எழுதியிருந்தார்கள். மையத்தில் பம்பு எதுவும் கிடையாது. குடிதண்ணீர் பாட்டிலில் வந்தது.

மையத்தின் தலைவர் டாக்டர் திருநாவுக்கரசு, மூன்றாவது வாரம் வெள்ளை ஹெல்மெட்டோடு வந்தார். கூடவே ரோகினி என்ற பெண். தோட்டத்துப் பம்பை மூன்று வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்துவருபவள் அவள்தான். பம்பு வீட்டுக்குள் பேசினால் காது கேட்கவில்லை என்பதால் டாக்டர் வெளியே செம்பனை மரத்தடியில் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். பம்பின் படம் வந்தது. முழுக்க நீலம்.

“உள்ள இருக்கிற தண்ணிய நாப்பது லட்சம் கட்டமாப் பிரிச்சிருக்கோம்,” என்றார் டாக்டர். “ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியா கணக்கு. குமிழி வந்தா அந்த எடம் செவப்பா மாறும். எங்கயாவது செவப்பு தெரியுதா?”

“இல்ல சார்.”

“அப்ப சத்தம் எதுலேருந்து வருது?”

“பம்புலேருந்து சார்.”

“எந்தப் பம்பு? இதுவா, அதுவா?”

ஹேமநாதன் திரையைப் பார்த்தார். பிறகு இருபதடி தள்ளியிருந்த பம்பு வீட்டைப் பார்த்தார். அங்கிருந்து ஜல்லி அரையும் சத்தம் நன்றாகவே கேட்டது.

“அது சார்.”

“அதுதான் பிரச்சினை,” என்றார் டாக்டர் வருத்தத்துடன். “அதைப் பத்தி எங்ககிட்ட டேட்டா இல்ல.”

சத்தம் என்பது ஆபரேட்டரின் தனிப்பட்ட உணர்வு என்று அறிக்கை வந்தது. ஹேமநாதனை அம்பாங்கானில் ஒரு கிளினிக்குக்குக் காது சோதனைக்கு அனுப்பினார்கள். அவர் வயதுக்காரர்களில் இவ்வளவு துல்லியமான காதைத் தான் பார்த்ததில்லை என்று அங்கிருந்த பெண் எழுதிக் கொடுத்தாள். அதைப் படித்த டாக்டர் திருநாவுக்கரசு இரண்டே வரி எழுதினார்: ‘ஆபரேட்டரின் செவித்திறன் தேவைக்கு அதிகமாக உள்ளது. இதனால் தேவையற்ற ஒலிகளும் அவருக்குக் கேட்கின்றன.’ இரண்டு காதுகளையும் மூடும் கவசம் ஒன்று அவருக்குத் தரப்பட்டது. பெற்றுக்கொண்டதற்கு மூன்று இடத்தில் கையெழுத்து.

கவசத்தைப் போட்டதும் சத்தம் காதால் வருவது நின்று, கையால் வந்தது. பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் முழங்கைவரை நடுங்கும். எடுத்த பிறகு கொஞ்ச நேரத்துக்குக் கை மரத்துக் கிடக்கும். அவர் வலது கையால் எழுத வேண்டியிருந்ததால் இடது கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் தண்ணீர் மேலே ஏறுவது பாதியாகக் குறைந்ததும் பம்பைத் திறந்தார்கள். சக்கரம் கரையான் தின்ற பலகை மாதிரி இருந்தது. ரோகினி ஒரு குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள். விரல் நகம் மறையும்வரை உள்ளே போனது.

“டாக்டர், இது குமிழி அடிச்ச குழிதான்,” என்றாள்.

டாக்டர் சக்கரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். “நம்ம மாடல்ல சக்கரம் வழவழன்னு இருக்கு. இது அப்படி இல்ல. அப்ப இது நம்ம சக்கரம் இல்ல. ஸ்டோர்ல தப்பானதைக் கொடுத்துட்டாங்க.”

புதுச் சக்கரம் மாட்டினார்கள். மாட்டும்போது படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை சத்தம் அதே இடத்திலிருந்து தொடர்ந்தது.

அன்றைக்கு ரோகினி மட்டும் திரும்பி வந்தாள். “அண்ணே, ஆத்துல இப்ப எவ்வளவு தண்ணி?”

ஹேமநாதன் கரையில் நட்டிருந்த அளவுக் கம்பத்தைக் காட்டினார். ஐந்தடி.

“என்கிட்ட பதிமூணடின்னு கொடுத்திருக்காங்க.”

“பதிமூணா? அது நவம்பர்ல வெள்ளம் வந்தாத்தான் மா.”

விசாரித்தபோது, பழைய வரைபடம் ஒன்றிலிருந்து அந்த எண்ணை எடுத்திருப்பது தெரிந்தது. வரைபடம் போட வந்தவர் அளந்தது ஒரு நவம்பர் மாதம். அதற்குப் பிறகு யாரும் ஆற்றைப் போய்ப் பார்க்கவில்லை. ரோகினி அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து பதிமூன்றை அழித்து ஐந்து போட்டாள். ஒரு மணி நேரம் ஓடிய கணக்கு முடிந்ததும் நீலப் பம்பின் வாய் முழுக்கச் சிவந்துபோனது.

அதை அவள் டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

“பதிமூணு அடி இருந்தா மாடல் சரியா வருதுல்ல?”

“வருது டாக்டர். ஆனா ஆத்துல அஞ்சடிதான் இருக்கு.”

“அப்ப மாடல்ல தப்பில்ல,” என்றார் டாக்டர். “தப்பு ஆத்துல.”

இப்படித்தான் ஆற்றின் மீது விலகல் அறிக்கை பதிவானது. தர வேண்டிய மட்டம் பதிமூன்றடி, தந்தது ஐந்தடி, பொறுப்பாளர் பெயர் என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் சிஸ்டம் நகரவில்லை.

“ஆத்துக்குப் பக்கத்துல யாரு இருக்கா? நீங்கதாண்ணே,” என்றார் அமீன். “சும்மா பேருக்குத்தான். ஒண்ணும் ஆகாது.”

கடிதம் நல்ல தாளில் வந்தது. ‘கம்பெனியின் நீர்த்தேவையை அறிந்திருந்தும் தாங்கள் தொடர்ந்து தாழ்ந்த மட்டத்தில் ஓடிவருவது கவனத்துக்கு வந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் மட்டத்தை உயர்த்தவோ, உயர்த்த இயலாமைக்குக் காரணம் காட்டவோ வேண்டும்.’

நீலாவதி வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாசலிலேயே நின்று கடிதத்தைப் படித்தாள்.

“என்னாங்க இது சுராட்? பதிமூணு அடி உயரணுமாம்.”

“எனக்கில்ல. ஆத்துக்கு.”

“பேரு உங்க பேரு போட்டிருக்கு.”

முதல் கடிதத்துக்கு ஹேமநாதன் சிரித்தார். ‘மழை இல்லை’ என்று காரணம் எழுதி அனுப்பினார். ‘மழையைக் காரணம் காட்டுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும்’ என்று இரண்டாவது கடிதம் வந்தது. அதற்கு அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது கடிதத்தைப் படிக்காமலே மடித்து, முந்தைய இரண்டோடு வைத்தார். ஆறு நாலரை அடிக்கு இறங்கியிருந்தது. மூன்று கடிதம் வந்தால் விசாரணை என்பது தோட்டத்து விதி.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தோட்ட ஆபீஸ் கூட்ட அறையில் நடந்தது. புகார் கொடுத்தவரும் டாக்டர், விசாரிப்பவரும் டாக்டர். விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் கம்பெனியில் இல்லையாம். குற்றம் சாட்டப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும் என்று விதியில் இருந்ததால் அமீன் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்துவந்து மேசையில் வைத்திருந்தார். பழுப்பு நிறத்தில் அது அமைதியாக இருந்தது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் ஹேமநாதன் உட்கார்ந்தார்.

டாக்டர் எழுந்து பேசினார். “இந்த மையம் ஆரம்பிச்சு எட்டு வருஷம் ஆச்சு. எட்டு வருஷத்துல நம்ம மாடல் ஒரு தடவைகூடத் தப்பானதில்ல. பம்புங்கதான் தப்பா நடந்திருக்கு. ஒரு தோட்டத்துல குழாய் வெடிச்சிச்சு. மாடல்ல வெடிக்கல. இன்னொரு எடத்துல மோட்டர் எரிஞ்சிச்சு. மாடல்ல எரியல. நான் கேக்கறது ஒண்ணுதான். இவ்வளவு சரியா ஒண்ணு இருக்கும்போது, மத்தது எல்லாம் ஏன் அதைப் பார்த்து நடக்கக் கூடாது?”

அமீன் குறிப்பெடுத்துக்கொண்டார். ரோகினி எழுந்து, தான் ஒரு படம் காட்டலாமா என்று கேட்டாள். அனுமதி வருவதற்குள்ளேயே லேப்டாப்பைத் திருப்பிவிட்டாள். அறையில் எல்லாரும் அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள்.

“ஆறும் பொய் சொல்லல, அண்ணனும் பொய் சொல்லல டாக்டர். இந்தச் சக்கரமும் ஒரு மாசம் தாங்காது. நாப்பத்தாறு வீட்டுக்குத் தண்ணி நின்னுரும். பம்ப நாலடி எறக்கணும், அவ்வளவுதான்.”

டாக்டர் கோபப்படவில்லை. “சரி. படத்தை விடுங்க. பம்புகிட்ட இருக்கிறவரையே கேப்போம்,” என்று ஹேமநாதன் பக்கம் திரும்பினார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சத்தம் இருக்குன்னா, ஆறு தப்பு பண்ணுதுன்னு ஆகுது. ஆத்துக்குப் பொறுப்பு நீங்க. உங்களை நிறுத்த வேண்டி வரும், எனக்கு வேற வழி இல்ல. சத்தம் இல்லன்னா, தப்பே நடக்கல. மூணு எச்சரிக்கை சுராட்டும் கேன்சல். சத்தம் கேக்குதா, கேக்கலையா?”

சன்னல் திறந்திருந்தது. ஆபீசுக்கும் ஆற்றுக்கும் நடுவே கால் மைல் செம்பனை மரங்கள். அதையும் தாண்டி ஹேமநாதனுக்கு அது கேட்டது. அவர் காது அப்படி.

“கேக்கல சார்,” என்றார்.

ரோகினி லேப்டாப்பை மூடினாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. ஒரு கணக்கில் விடை வந்துவிட்டது போல இருந்தது அவள் முகம். ஆறு விடுவிக்கப்பட்டது. அமீன் பாட்டிலை வெளியே கொண்டுபோய் ஒரு பூந்தொட்டியில் ஊற்றினார். எல்லாருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். ஹேமநாதன் தன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு முடித்தார். என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்குப் பிறகு நினைவில்லை.

ஒன்பதாம் நாள் முற்பகலில் சக்கரம் உடைந்தது. உடைந்த துண்டு சிக்கித் தண்டு வளைந்து பம்பு நின்றது. மதியம் லயத்துக் குழாய்களில் தண்ணீர் நின்றது. ஆலை, பக்கத்துத் தோட்டத்திலிருந்து குழாய் இழுத்துக்கொண்டது. வீடுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லோரி வந்தது.

மையம் இரண்டு ஆவணங்களை வெளியிட்டது. ஒன்று அறிக்கை: பம்பு ஓடாததால் அதில் இப்போது குமிழி இல்லை, மாடலிலும் குமிழி இல்லை, ஆகவே இரண்டும் நூறு சதவீதம் ஒத்துப்போகின்றன. மையத்தின் வரலாற்றில் இது முதல் முறை. இன்னொன்று, நடுநிலையான சாட்சியத்துக்காக ஹேமநாதனுக்கு ஒரு சான்றிதழ். அமீன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டுவந்தார்.

லோரி வந்த ஒரு சாயங்காலம், சீருடையைக்கூட மாற்றாமல் நீலாவதி இரண்டு வாளிகளோடு வரிசையில் நின்றாள். ஹேமநாதன் மற்ற இரண்டைப் பிடித்திருந்தார். முன்னால் நின்றவர்கள் அவரோடு பேசுவதைக் குறைத்திருந்தார்கள்.

“கேக்குதுன்னு சொல்லியிருந்தா என்னா ஆயிருக்கும்?” என்றாள் நீலாவதி, மெதுவாக.

“இந்த வரிசைல நிக்க நமக்கு வீடு இருந்திருக்காது.”

அவள் யோசித்தாள். “ம்,” என்றாள். வரிசை நகர்ந்தது.

ரோகினியை மையத்திலிருந்து மாற்றிவிட்டார்கள். கள அனுபவம் போதவில்லை என்று காரணம் காட்டி, ஓடாத பம்புக்குப் பதிவேடு எழுதப் பம்பு வீட்டுக்கே அனுப்பினார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மணிக்கொரு தடவை இருவரும் நின்ற பம்பைப் பார்த்து, ‘ஓட்டம் இல்லை, அதிர்வு இல்லை, சத்தம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் வாரம் ஹேமநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் அவள் தன் தெர்மாஸிலிருந்து அவருக்கும் தேநீர் ஊற்றினாள். அவர் வாங்கிக் குடித்தார். விசாரணையில் அவர் சொன்னதைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை.

நவம்பரில் புதுப் பம்பு வந்தது. பழையதைவிடப் பெரியது. அதே மேட்டில், அதே இடத்தில் பொருத்தினார்கள். மழை கொட்டி, ஆறு பதிமூன்றடியைத் தொட்ட வாரமாகப் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். தலைமையகத்திலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய மேலதிகாரி ஒருவர் வந்தார். கூடாரம், மாலை, மைக். லயத்து ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

“நம்ம மையத்தோட நடவடிக்கை வீண் போகல,” என்றார் டாக்டர் மைக்கில். “மூணு சுராட் கொடுத்தோம். கொஞ்சம் லேட்டானாலும் ஆறு தன்னைத் திருத்திக்கிச்சு. இன்னைக்குப் பதிமூணு அடி!”

கைதட்டினார்கள். டத்தோ பொத்தானை அழுத்தினார். நல்ல ஆழத் தண்ணீரில் பம்பு சீராக, மெத்தென்று ஓடியது. டாக்டர் ஹேமநாதனின் தோளில் கைபோட்டு முன்னால் அழைத்துவந்தார்.

“இவர்தான் நம்ம ஆபரேட்டர். இந்தத் தோட்டத்துலயே நல்ல காது. டத்தோ முன்னாடி சொல்லுங்க. சத்தம் கேக்குதா?”

ஹேமநாதன் இடது கையை எடுத்துப் பம்பின் மேல் வைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

“கேக்குது சார்,” என்றார்.

டாக்டரின் கை அவர் தோளிலிருந்து இறங்கியது. டத்தோ முன்னால் வந்தார். ஆபரேட்டருக்குக் கேட்பது தனக்குக் கேட்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் சொல்வது எப்படி? குனிந்து காதைப் பம்பருகே கொண்டுபோனார். கண்களை மூடினார்.

“ஆமா லா,” என்றார். “இருக்கு. லேசா.”

அமீன் குனிந்தார். அவருக்கும் லேசாகக் கேட்டது. தலைமையகத்து ஆட்கள் இருவருக்குக் கொஞ்சம் பலமாகவே கேட்டது. கடைசியாக டாக்டர் குனிந்தார். நிமிரும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

“இதை நாங்க எதிர்பார்த்தோம் டத்தோ. மாடல்ல வந்திருக்கு.”

“அப்ப என்னா செய்யணும்?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். ரோகினி பின்வரிசையிலிருந்து சொன்னாள்: “நாலடி கீழ எறக்கணும் டத்தோ.”

“எறக்குங்க,” என்றார் டத்தோ. மாலையைக் கழற்றி டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஜனவரியில் பம்பைக் கீழே இறக்கினார்கள். அந்த முறைக்கு ‘திருநாவுக்கரசு தாழ்வு முறை’ என்று பெயர் வைத்து, மையத்தின் வாசல் கண்ணாடியில் அதையும் எழுதினார்கள். மார்ச்சில் ஆறு மறுபடி ஐந்தடிக்கு வந்தது. லயத்துக் குழாய்களில் தண்ணீர் நிற்கவில்லை. வரிசையில் பேசாமலிருந்தவர்கள் ஹேமநாதனோடு பேச ஆரம்பித்தார்கள்.

அந்த மார்ச்சில் ஒரு காலை, தேநீர் ஊற்றிக்கொண்டே ரோகினி கேட்டாள்: “அண்ணே, அன்னைக்கு டத்தோ வந்தப்ப நெசமாவே உங்களுக்குச் சத்தம் கேட்டுச்சா?”

ஹேமநாதன் தேநீரை வாங்கிக்கொண்டார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியல மா,” என்றார். “இருந்தப்ப இல்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியறதில்ல.”

மணி ஒன்பது ஆகியிருந்தது. பதிவேட்டில் ஓட்டம், அதிர்வு இரண்டையும் பார்த்து எழுதினார். சத்தம் என்ற மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

“நீ கேட்டு எழுதும்மா.”

ரோகினி எழுந்து போய்ப் பம்பில் காதை வைத்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஹேமநாதன் காத்துக்கொண்டிருந்தார்.